நூல் தீர்ந்த கட்டைக்கு வந்த வாழ்வு!

நூல் இருக்கும் வரைதான் மதிப்பு. நூல் தீர்ந்தால் குப்பைத் தொட்டி. தையல் நூல் சுற்றி வந்த மரக்கட்டையின் தலையெழுத்து பல காலம் இப்படித்தான் இருந்தது.

இன்று நிலைமை தலைகீழ். நூல் கிடக்கட்டும், கட்டை இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள்!

மும்பை சோர் பஜாரில் மட்டன் தெரு போன்ற இடங்களில் பழம்பொருள் தேடுகிறவர்கள், பித்தளைச் சாமான், பழைய கடிகாரம், சினிமா போஸ்டர் ஆகியவற்றோடு இந்தக் கட்டைகளையும் தேடுகிறார்கள். இணையக் கடைகளில் ‘பழைய இந்திய ஆலைக் கட்டை’ என்றே பெயர் போட்டு விற்கிறார்கள். வெளிநாட்டினர் வாங்கி மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். விளக்குத் தண்டு ஆக்குகிறார்கள். வரிசையாகச் சுவரில் பொருத்திச் சட்டை மாட்டுகிறார்கள்.

நல்லதுதான். விறகாகப் போக வேண்டியது வீட்டுக்குள் வந்திருக்கிறது.

ஆனால் வாங்குகிறவர்களில் பலர் முதல் காரியமாக ஒன்று செய்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறை, எழுத்து, வர்ணம் எல்லாவற்றையும் போக்கி, மரத்தைப் புத்தம் புதிதாக ஆக்கிவிடுகிறார்கள். பிறகு பளபளவென்று வார்னிஷ் அடிக்கிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. ஏன் என்பதை அறிய, அந்தக் கட்டையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று விதம்

நூல்கட்டை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று விதம் உண்டு.

முதலாவது, தையல் நூல்கட்டை. கட்டை விரல் உயரம், இரண்டு பக்கமும் தட்டு, நடுவில் துளை. தட்டின் மேல் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் கம்பெனி பெயரும் நூலின் எண்ணும் இருக்கும். எண் ஏற ஏற நூல் மெல்லியது என்பது தையல்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு.

இரண்டாவது, நூற்பாலை பாபின். நூற்கும் இயந்திரத்தில் சுழலும் கதிரின் மேல் உட்கார்ந்து, முறுக்கேறி வரும் நூலைத் தன் மேல் சுற்றிக்கொள்வது இது.

மூன்றாவது, தார்க்கட்டை. அடி பருத்து, நுனி சிறுத்து இருக்கும். ஊடை நூலைச் சுற்றி, நாடாவுக்குள் வைப்பார்கள். நாடா தறியில் இப்படியும் அப்படியும் பாயும்போது நூல் இதிலிருந்துதான் அவிழும். கைத்தறி வீடுகளில் ‘தார் சுற்றுவது’ என்றால் இந்த வேலைதான். ஆலைத் தார்க்கட்டையின் அடியில் இரும்பு வளையங்கள் இருந்தால், அது தானியங்கித் தறியில் ஓடியது. தறி தானாகவே வெற்றுக் கட்டையைத் தள்ளிவிட்டுப் புதுக் கட்டையைப் பிடித்துக்கொள்வதற்கு அந்த வளையம் உதவும்.

அரைப் பென்னி முன்பணம்

தையல் நூலைக் கட்டையில் சுற்றி விற்கும் வழக்கத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற நெசவு ஊர். 1806-ல் நெப்போலியன், பிரிட்டனோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று தடை போட்டான். பட்டு வரத்து நின்றது. தறியின் விழுதுகளுக்குப் பட்டு நூல் வேண்டும். என்ன செய்வது? கிளார்க் குடும்பத்தைச் சேர்ந்த பேட்ரிக் கிளார்க், பருத்தி நூலையே வழவழப்பாக முறுக்கி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். தறிக்கு ஆகிற நூல் ஊசிக்கும் ஆகும் என்று பிறகு தெரிந்தது.

முதலில் சிட்டமாகத்தான் விற்றார்கள். பின்னர் மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்தார்கள். கட்டைக்கு அரைப் பென்னி அதிகம். வெற்றுக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அரைப் பென்னி திரும்பக் கிடைக்கும்! சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டிய தலைமுறைக்கு இது புரியும். ஆக, கட்டையைத் தூக்கி எறியாமல் திரும்பப் பயன்படுத்துவது புது நாகரிகம் அல்ல. அது பிறந்தபோதே கூடப் பிறந்த பழக்கம்.

பெய்ஸ்லியின் இன்னொரு பெரிய நூல் கம்பெனி கோட்ஸ். 1896-ல் கிளார்க்கும் கோட்ஸும் ஒன்றாயின. இந்தப் பெயர் திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் 1885-ல் பாபநாசத்தில், தாமிரபரணியின் தண்ணீர் விசையை நம்பி நூற்பாலை தொடங்கினார்கள். பிறகு தூத்துக்குடி, மதுரை என்று ஆலைகள் பெருகின. அந்த மதுரை மில்ஸும் கோட்ஸின் இந்தியக் கம்பெனியும் 1974-ல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. மும்பைத் தமிழர்களில் நெல்லைக்காரர்கள் ஏராளம். ஊரில் தையல் மெஷின் வைத்திருந்த வீடுகளின் பழைய டப்பாவைக் குடைந்தால், அந்த நாள் நூல்கட்டை ஒன்று இன்றும் அகப்படலாம்.

கிரண்காவின் கைகள்

பம்பாயின் முதல் நூற்பாலையை காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் 1854-ல் நிறுவினார். 1856-ல் நூல் வெளிவந்தது. பிறகு பரேல், லால்பாக், வொர்லி என்று ஆலைகள் நெருங்கி நின்ற பகுதிக்கு ‘கிரண்காவ்’, அதாவது ஆலைகளின் ஊர் என்றே பெயராயிற்று.

ஆலைக்குள் ஒரு கட்டை எத்தனை கைகள் மாறியது என்று பாருங்கள். நிறைந்த பாபினைக் கழற்றி, வெற்றுப் பாபினை மாட்ட ஒரு கை. ஆரம்ப காலத்தில் இத்தகைய வேலைகளில் சிறுவர்களே இருந்தார்கள். 1881-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்துதான் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 7 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அந்தச் சட்டமே ஒரு சலுகையாக இருந்த காலம் அது!

நூலைச் சுற்றும் பிரிவுகளில் பெண்கள் வேலை செய்தார்கள். அங்கிருந்து நெசவுப் பிரிவுக்கு. அங்கேதான் இந்தச் சின்னக் கட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய அநீதி ஒளிந்திருந்தது.

உதடு பட்ட நூல்

நாடாவில் தார்க்கட்டை தீர்ந்ததும் நெசவாளி புதுக் கட்டையை வைப்பார். நூல் முனையை நாடாவின் சிறு கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். அவசரத்தில் ஊசி எங்கே தேடுவது? கண்ணில் வாய் வைத்து உறிஞ்சுவார். நூல் வெளியே வந்துவிடும். இழை அறுந்தாலும் எச்சில் தொட்டுத்தான் முடிவார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிப்டில் இன்னொருவர் வாய் வைப்பார்.

இதையே காரணம் காட்டி, தீண்டப்படாதோர் எனப்பட்ட தொழிலாளர்களை நெசவுப் பிரிவில் சேர்க்கவிடாமல் சாதி இந்துத் தொழிலாளர்கள் தடுத்தார்கள். கூலி அதிகம் கிடைத்தது நெசவுப் பிரிவில்தான். ஆக, எச்சில் பெயரைச் சொல்லி நல்ல சம்பளத்தின் கதவை அடைத்தார்கள். இந்த மக்களுக்குக் கிடைத்தது சம்பளம் குறைந்த வேலைகளே.

1928-ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது டாக்டர் அம்பேத்கர் இந்தத் தடையைச் சுட்டிக்காட்டினார். முதலாளியிடம் நியாயம் கேட்கிறவர்கள், தங்களுக்குள்ளேயும் நியாயம் செய்ய வேண்டும். நெசவுப் பிரிவை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

தாதரில் சைத்யபூமியை ஒட்டி இந்து மில் என்ற ஆலை இருந்தது. அந்த நிலத்தில்தான் அம்பேத்கர் நினைவிடத்துக்கு 2015-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. நூல் தொடவிடாமல் ஒரு மக்களை நிறுத்திய தொழிலின் நிலத்திலேயே, அதைக் கேள்வி கேட்டவருக்கு நினைவிடம்!

சங்கு ஓய்ந்த பிறகு

1982 ஜனவரி 18-ம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலைகள், ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள். ஓராண்டைத் தாண்டியும் அது நீடித்தது. பல ஆலைகள் மறுபடி எழுந்திருக்கவே இல்லை. சங்கு ஊதிய இடங்களில் இன்று அடுக்குமாடிகள். பீனிக்ஸ் மில் இருந்த இடம் பெரிய வணிக வளாகம்.

மரக்கட்டைக்கு முடிவு வேறு வழியிலும் வந்தது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் கோணும். கதிரின் வேகம் கூடக்கூட, சிறு கோணல்கூடக் கட்டையை ஆட வைத்து நூலை அறுத்துவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. தையல் நூலும் பிளாஸ்டிக்குக்கு மாறிற்று. தாராவியின் தையல் பட்டறைகளில் இன்று நூல் வருவது பிளாஸ்டிக் கூம்பில்தான்.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஸ்டாட் பார்க் என்ற இடத்தில் 1835-ல் கட்டிய பாபின் ஆலை ஒன்று உண்டு. லங்காஷயர் நூற்பாலைகளுக்குக் கட்டை கடைந்து கொடுத்தது. 1971-ல் மூடினார்கள். ஆனால் இடிக்கவில்லை, கடைசல் இயந்திரங்களோடு அப்படியே காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள். கட்டை செய்த இடத்துக்கே அங்கே அந்த மரியாதை. இங்கேயோ ஆலையில் மிஞ்சிய சாட்சிகளில் கைக்கு அடக்கமானது இந்தக் கட்டை ஒன்றுதான்.

அசலை அறிவது எப்படி?

அலங்காரத்துக்காகவே புதிதாகக் கடைந்த கட்டைகளும் சந்தைக்கு வருகின்றன. அசலில் துளையின் உட்புறம் கதிர் உரசி வழவழப்பாக இருக்கும். எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். நூல் அழுந்திய மெல்லிய கோடுகள் தெரியும். சிலவற்றில் ஆலையின் எழுத்து முத்திரையும் இருக்கும்.

முக்கியமாக வர்ணப் பட்டையைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அடித்திருப்பது அழகுக்காக அல்ல. எந்த நம்பர் நூல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிவதற்காக. அதைச் சுரண்டினால் கட்டையின் முகவரியே போய்விடும்.

சுரண்டுவது உடம்புக்கும் ஆகாது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சில் போகும். வர்ணம் உள்ள கட்டைகளைக் குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். இலேசான சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். சிறு ஓட்டைகளிலிருந்து புதுத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது; மற்ற மரச் சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

என்னவெல்லாம் செய்யலாம்?

பாபினில் நெடுகத் துளை இருப்பதால், ஒயர் கோத்து மேசை விளக்கு செய்வது எளிது. பலகையில் வரிசையாகப் பொருத்தினால் பை மாட்டலாம். சிறிய தையல் கட்டை, மேசை இழுப்பறைக்குக் கைப்பிடி ஆகும். மெழுகுவர்த்தி வைப்பதானால் உலோகக் கிண்ணம் பதித்தே வைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய மரம் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

வர்ணம் இல்லாத தையல் கட்டையில், துளையைச் சுற்றி நான்கு சிறு ஆணிகளை அடித்தால் அது பின்னல் கருவி. கம்பளி நூலைத் துளை வழியாகக் கீழே விட்டு, ஒவ்வொரு ஆணியிலும் சுற்றுங்கள். மறு சுற்று வந்ததும் கீழ்ச் சுற்றை ஊசியால் தூக்கி ஆணிக்கு உள்புறம் போடுங்கள். துளை வழியே குழல் போன்ற பின்னல் இறங்கிக்கொண்டே வரும்.

பிள்ளைகளுக்கு வண்டியும் உண்டு. தட்டுகளின் விளிம்பில் பல் வெட்டி, துளையில் ரப்பர் பேண்டைக் கோத்து, ஒரு பக்கம் சிறு தீக்குச்சியை அசையாமல் ஒட்டுங்கள். மறுபக்கம் துளையிட்ட மெழுகு வில்லையை வைத்து, நீளக் குச்சியைச் செருகி முறுக்குங்கள். தரையில் விட்டால் தானே ஊர்ந்து போகும். பேட்டரி தேவையில்லை!

எதைச் செய்தாலும் முத்திரையையும் வர்ணத்தையும் விட்டுவையுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது ஆலையில் வேலை பார்த்திருந்தால் இன்னொன்றும் செய்யலாம். அவர் பெயர், எந்த மில், எந்தப் பிரிவு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று சிறு சீட்டில் எழுதுங்கள். சீட்டைச் சுருட்டிக் கட்டையின் துளைக்குள் வையுங்கள். கதிர் நின்ற அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.