பேட்டரிக்குள் பார்க்கும் கணினி: புணேயிடம் இருப்பதும் இல்லாததும்

புணே: புதிய பேட்டரிப் பொருள் ஒன்று ஆய்வகத்திலிருந்து ஆலையை எட்டுவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. எத்தனை காலம் உழைக்கும் என்பதை அறிய, ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றி இறக்கிப் பார்த்தாக வேண்டும். இந்தக் காத்திருப்பைக் கணினியின் துணையால் குறைக்க உலகெங்கும் போட்டி நடக்கிறது. இதில் புணேயிடம் அனேகமாக எல்லாமே உண்டு, ஒன்றைத் தவிர.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் டொயோட்டா ஆய்வு நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 124 லித்தியம் செல்கள் சோதிக்கப்பட்டன. அவற்றின் ஆயுள் 150 முதல் 2,300 சுற்றுகள் வரை வேறுபட்டது. முதல் 100 சுற்றுகளின் அளவீடுகளைக் கொண்டே, இயந்திரக் கற்றல் முறையில் அந்த ஆயுள் சுமார் 9 சதவீதப் பிழையுடன் கணிக்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலான செல்களின் திறன் குறையத் தொடங்கியிருக்கவே இல்லை என்பதுதான் வியப்பு.

2023-ல் இதே நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி உள்ளே சென்றனர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் நுண்துகள்களுக்குள் லித்தியம் புகுந்து வெளியேறுவதை எக்ஸ் கதிரால் படமெடுத்து, அப்படங்களைப் புள்ளி புள்ளியாகக் கணினிக்குக் கொடுத்தனர். துகளின் மேலுள்ள கார்பன் பூச்சு சீராக இல்லாததால் வினையின் வேகம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது புலப்பட்டது. வெறும் பூச்சுதானே என்று ஒதுக்க முடியாது. ஆலையில் திருத்தக்கூடிய குறை அது.

அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்த நிலையில், 1988-ல் புணேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் 1991-ல் 'பரம்' கணினியை உருவாக்கியது. அதன் வழிவந்த 'பரம் பிரம்மா' இன்று புணே ஐசர் வளாகத்தில் இயங்குகிறது. 1950 முதல் இயங்கும் தேசிய வேதியியல் ஆய்வகமும் இங்கேதான். ஐசருடன் இணைந்து உருவாக்கிய சோடியம் பேட்டரித் தொழில்நுட்பத்தை, புணேயைச் சேர்ந்த கே.பி.ஐ.டி. நிறுவனம் 2023 டிசம்பரில் அறிவித்தது.

இல்லாதது, பெரிய அளவில் செல் தயாரிக்கும் ஆலை. கணினிக்குக் கற்றுத்தர அளவீடுகள் வேண்டும். அவை குவிவது ஆலைகளில். அந்த ஆலைகளோ பெரும்பாலும் சீனாவில். செல் உற்பத்திக்கு 2021-ல் மத்திய அரசு ரூ. 18,100 கோடி ஊக்கத்தொகை அறிவித்து, 50 கிகாவாட்-மணி திறனை இலக்காக வைத்தது. 2025 வரை அதில் சிறு பகுதியே உற்பத்திக்கு வந்தது.

தமிழகத்துக்கும் இது புதிதல்ல. அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், லித்தியம் செல் தயாரிப்பு நுட்பத்தைத் தனியாருக்குத் தர 2018-லேயே ஒப்பந்தம் செய்தது.

படமெடுக்கும் கருவியிலும் நெருக்கடிதான். அமெரிக்க ஆய்வுக்கு உதவியது போன்ற சின்க்ரோட்ரான் கதிர் வேண்டுமானால், நாட்டில் உள்ளது இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தின் 'இண்டஸ்' வளாகம் மட்டுமே. புணே விஞ்ஞானிகளும் காரைக்குடி விஞ்ஞானிகளும் அங்கேதான் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.