போர்ட்டைத் திறந்தாச்சு... ஆனாலும் நண்பன் கேமுக்குள் வர முடியலையா?

கோவை பீளமேட்டில் ஒரு வீட்டு லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் சர்வர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வைஃபையில் இருக்கும் தம்பி உள்ளே வந்துவிடுகிறான். ஈரோட்டில் இருக்கும் நண்பனால் முடியவில்லை. ரவுட்டரில் 25565 போர்ட்டை ஃபார்வர்டு செய்தாச்சு, விண்டோஸ் ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்தாச்சு. அப்புறம் என்ன சிக்கல்?

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வான் ஐபி’ எண்ணைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், தப்பு உங்கள் மேல் இல்லை. ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஐபிவி4 முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கிட்டத்தட்ட தீர்ந்துபோனது. அதனால் பிராட்பேண்ட் நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. இதுதான் ‘சிஜிநாட்’. இதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய எண் வரிசைதான் நீங்கள் பார்த்தது. அபார்ட்மென்ட் கேட் வரை பார்சல் வந்துவிடுகிறது. எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்து என்ன பயன்?

நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி கேட்கலாம். பெரும்பாலும் தனிக் கட்டணம். இரண்டு பக்கமும் ஐபிவி6 இருந்தால் அதன் வழியாகவே சேரலாம். செலவு வேண்டாமென்றால், டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு ஆப்பை இருவரும் போட்டுக்கொள்ளலாம். ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

எரிச்சலில் ‘டிஎம்இசட்’டை மட்டும் ஆன் செய்துவிடாதீர்கள். பொது ஐபி கிடைக்கிற அன்றைக்கு, லேப்டாப்பின் எல்லா போர்ட்டும் ரவுட்டரின் காவல் இல்லாமல் இணையத்தின் முன் நிற்கும். கேமில் ஒயிட்லிஸ்ட் போட்ட பிறகு, அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள்.