மலைத் தோட்டத்து வகுப்பறையில் மகா சமுத்திரம்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டன் நோக்கிச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் கடந்ததும், களனி கங்கையின் கரையில் கித்துல்கல என்னும் சிற்றூர் எதிர்ப்படுகின்றது. கித்துள் என்பது கூந்தற்பனை. கல என்பது கல். பனையும் பாறையும் புனலும் ஒன்றுகூடிய இவ்விடத்தின் எழிலை, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தின் வாயிலாக உலகமே கண்டது. ஆயினும் நாம் இன்று கூற வந்தது திரைப்படத்தைப் பற்றியன்று, உப்பைப் பற்றி.

கித்துல்கலைக்கு அண்மையில் பெலிலென என்றொரு குகை உண்டு. ஆதி மனிதர் வாழ்ந்த இடம் அது. கி.மு. 27,000க்கும் முற்பட்ட காலத்திலேயே கடற்கரையிலிருந்து இக்குகைக்கு உப்புக் கொண்டுவரப்பட்டதற்குச் சான்று உண்டு என்பது தொல்பொருள் அறிஞர் சிரான் தெரணியகல அவர்களின் ஆய்வு முடிபு. வண்டியில்லை, வழியில்லை, காட்டையும் மேட்டையும் கடந்து கடலின் உப்பு இம்மலைச்சாரலை வந்தடைந்திருக்கின்றது. கடலைத் தொலைவிலுள்ளது எனக் கருதி அம்மக்கள் வாளாவிருக்கவில்லை.

அதே மலைச்சாரலில் இன்று வாழும் தோட்டத்துப் பிள்ளையொன்றைப் பார்த்து, “தம்பி, உனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்போமாயின், “கருவாடு” என்று சிரித்துக்கொண்டே விடை கூறக்கூடும். அவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதுமன்று.

மழையும் பேரும்

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகின்றது. வெயிலில் சூடேறிய இந்து சமுத்திரத்திலிருந்து ஆவியாக எழுந்த நீரை அக்காற்றுச் சுமந்துவந்து நமது மலைகளின் மேற்குச் சரிவில் மோதுகின்றது. மோதி உயர்ந்த காற்றுக் குளிர்கின்றது; ஆவி ஒடுங்கி மழையாகின்றது. கொழும்பிலே ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். இச்சரிவில் அதனினும் மிக மிகுதி. பெய்த நீர் களனி கங்கையாகி, 145 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாற்றின் வழியே கொழும்பு முகத்துவாரத்தில் மீண்டும் கடலைச் சேர்கின்றது. ஆகவே கித்துல்கலைப் பாலத்தில் நின்று கீழே நோக்கும் பிள்ளை காண்பது, கடலிலிருந்து வந்து கடலுக்கே திரும்பும் நீரைத்தான்.

இஃது ஏட்டுப் பாடம் மட்டுமன்று. அடுப்பெரிவதும் இதனைப் பொறுத்ததே. கேகாலை மாவட்டத்தில் இறப்பர்த் தோட்டங்கள் பல. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் நனைந்துவிடும். பால் வெட்ட இயலாது. பால் வெட்டாவிடின் பேர் விழாது. அன்றைய பேர் விழுமா விழாதா என்பதைப் பல நூறு கல் தொலைவிலுள்ள கடலின் வெப்பமும் காற்றின் போக்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தந்தையின் சம்பளத்தைத் தீர்மானிக்கும் ஒன்றைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டாமா?

அக்கடலோ இன்று மாறிவருகின்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் புவியில் தேங்கும் மேலதிக வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்டதைக் கடலே ஏற்றுக்கொண்டுள்ளது. வளி ஒரு பாகை செல்சியசு சூடேறினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. ஆதலால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்பு மிகுகின்றது.

கொட்டித் தீர்த்த மழை என்ன செய்யும் என்பதைக் கேகாலை மாவட்டத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றிலே லயத்து வீடுகள் மண்ணுள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மலைநாட்டில் எண்ணற்ற சரிவுகள் ஏற்பட்டன.

ஒரு சிறுமி கற்ற பாடம்

கல்வி இத்தகைய இடர்களைத் தடுக்குமா என்று சிலர் வினவலாம். இடரைத் தடுக்காது, உயிரைக் காக்கும். இதற்கு ஓர் உதாரணம் போதும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் சுனாமி வந்தபோது, தாய்லாந்தின் புக்கெற் தீவுக் கடற்கரையிலே தில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி தன் பெற்றோருடன் உலாவிக்கொண்டிருந்தாள். கடல்நீர் நுரைத்துக்கொண்டு விபரீதமாக நடந்துகொள்வதை அவள் கண்டாள். இரண்டு கிழமைகளுக்கு முன்னர் புவியியல் வகுப்பில் ஆசிரியர் சுனாமியைப் பற்றிக் கற்பித்திருந்தது அவள் நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் கூறி வற்புறுத்தினாள். கடற்கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினர்.

அதே நாளில் நமது இலங்கையின் கரைகளிலும் கடல் பின்வாங்கியது. வற்றிய தரையில் துள்ளிய மீன்களை அள்ள ஓடியவர்களும் உண்டு. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை நாம் இழந்தோம். அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். அந்த ஒரு பாடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

விலையின்றிக் கிடைக்கும் செல்வம்

அத்தகைய பாடங்கள் இன்று உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அமெரிக்க விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஒருங்குகூடி, கடலைப் பற்றி ஒவ்வொரு மாணாக்கனும் அறிய வேண்டிய ஏழு அடிப்படைக் கருத்துக்களை 2005இல் வகுத்து வெளியிட்டனர். அவற்றுள் முதலாவது, உலகத்தில் உள்ளது ஒரே பெருங்கடல் என்பது. அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வகமாகிய நோவா, பாடத் திட்டங்களையும் படங்களையும் ஆசிரியர்களுக்கு இலவசமாக வழங்கி வருகின்றது. யுனெஸ்கோ நிறுவனம் 2017இல் கடலறிவுக்கான ஆசிரியர் கைநூலொன்றை வெளியிட்டது. 2021 முதல் 2030 வரையுள்ள பத்தாண்டைக் கடல் விஞ்ஞானத்துக்குரியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது.

பாரிஸ் நகரில் 2018இல் தொடங்கப்பெற்ற காலநிலைக் கல்வி அலுவலகம், உலக விஞ்ஞானிகளின் அறிக்கைகளை வகுப்பறைப் பரிசோதனைகளாக மாற்றித் தருகின்றது. கடலையும் பனிப்பாறைகளையும் பற்றிய அதன் கைநூல் விலையற்றது. அண்டை நாடாகிய இந்தியாவில், புனே நகரத்து இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார், கணிதம், பௌதிகம், பொருளியல் ஆகிய பாடங்களுக்குள்ளேயே காலநிலையைப் புகுத்திக் கற்பிக்கும் பாடங்களை ஆக்கி எவர்க்கும் திறந்து வைத்துள்ளனர். புதிய பாடம் புகுத்த நேரமில்லை என்னும் ஆசிரியருக்கு இம்முறை பெரிதும் ஏற்றது.

நம் நாட்டிலும் கல்வியமைச்சின் இ-தக்சலாவ என்னும் இணையக் களஞ்சியம் மும்மொழிகளிலும் பாடங்களை இலவசமாகத் தருகின்றது. கடலை ஆராயும் நாரா நிறுவனமோ, கித்துல்கல நீர் சென்று சேரும் அதே மட்டக்குளியில், காக்கைதீவில் அமைந்திருக்கின்றது. ஆற்றின் மேல்முனையில் மாணாக்கர், கீழ்முனையில் விஞ்ஞானிகள். இடையிலுள்ள தொடர்பை ஏற்படுத்திக் கொள்வதுதான் பாக்கி.

இலவசம் எட்டும் தூரம்

நிற்க. இலவசம் என்பது ஒன்று. கைக்கு எட்டுவது என்பது வேறொன்று. இதனைத் தோட்டத்து மக்களைவிட நன்கறிந்தார் இலர். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தது 1970களிலேதான். ஒரு தலைமுறைக்கு மேல் அச்செல்வம் மலையேறத் தாமதித்தது.

இன்றும் அத்தகைய தடைகள் சில உள. நாம் மேலே கூறியவற்றுள் வெளிநாட்டுப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மலை மறைவிலுள்ள தோட்டங்களில் தொலைபேசிக்கு அலை எட்டுவதில்லை. எட்டினாலும் அதற்குக் காசு வேண்டும். கருவிகளும் குறைவு. எனவே ஆசிரியர் ஒருவர் ஒரு பாடத்தை எடுத்து, நமது தமிழில் எழுதி, நமது ஊர்ப் பொருளுக்கு ஏற்ப மாற்றி, அடுத்த தோட்டத்து ஆசிரியருக்கும் கொடுப்பாராயின், அவர் செய்வது வெறும் மொழிபெயர்ப்பன்று. உப்புச் சுமந்து மலையேறிய தொண்டுக்கு நிகரானது.

அடுப்படிப் பொருள்களே ஆய்வுகூடம்

கருவியில்லை என்று கலங்க வேண்டா. மெழுகுதிரியொன்றும் பலூன் இரண்டும் எடுத்துக்கொள்க. ஒன்றில் காற்றும் மற்றதில் நீரும் நிரப்பி, ஆசிரியர் தம் கையாலேயே சுடரின்மேல் பிடிக்கட்டும். காற்றுப் பலூன் உடனே வெடிக்கும், நீருள்ளது வெடிக்காது. வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்கின்றது. உலகத்தின் வெப்பத்தைக் கடல் வாங்கிக்கொள்வதும் இவ்வண்ணமே.

ஒரு லீற்றர் நீரில் 35 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் கடல்நீரின் உப்புச் செறிவு வந்துவிடும். அதில் சிறிது மையைக் கலந்து, நல்ல நீருள்ள கண்ணாடிக் குவளையின் ஓரமாக மெல்ல ஊற்றினால் அது அடியிற் சென்று படியும். குளிர்ந்த, உப்பு மிகுந்த நீர் ஆழத்தில் இறங்குவதனாலேயே கடலடி நீரோட்டங்கள் உண்டாகின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

முட்டை ஓட்டை வினாகிரியில் இட்டால் குமிழிகள் எழும். சிப்பியின் ஓடும் அதே கல்சியம் காபனேற்றே. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய காற்பங்கைக் கடல் கரைத்துக்கொள்வதால் அதன் காரத்தன்மை சிறிது சிறிதாகக் குறைகின்றது. கடல் வினாகிரியாகிவிடும் என்று பிள்ளைகளை அச்சுறுத்துதல் தகாது. ஆனால் ஓடுடைய உயிர்களுக்கு வாழ்வு கடினமாகும் என்பதை மறைத்தலும் தகாது.

ஒரு போத்தல் காக்கும் உயிர்

இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. வீசியெறியப்பட்ட பிளாஸ்திக்குப் போத்தல் ஒன்றைத் தேடுக. பக்கங்கள் நேராக இருத்தல் வேண்டும். மேற்பாகத்தை வெட்டித் தலைகீழாக வைத்தால் புனல் ஆயிற்று. அடியிலுள்ள மேடுபள்ளம் மறையும்வரை சிறு கற்களும் நீரும் இட்டு, அம்மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு அடிமட்டமொன்றை ஒட்டுக. மரமும் கூரையும் மறைக்காத வெளியில் நிறுத்தி, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து, எழுதிவிட்டு, சுழிய மட்டத்துக்கு மேலுள்ள நீரை ஊற்றிவிடுக. மழைமானி தயார்.

தோட்டங்களில் மழையை அளந்து பதிவு செய்யும் வழக்கம் புதிதன்று; அத்தகைய பதிவுகள் விஞ்ஞானிகளுக்கும் பயன்பட்டுள்ளன. இனி அக்கணக்கைப் பிள்ளைகளும் எழுதட்டும்.

ஏனெனில் அவ்வெண்களில் உயிர் இருக்கின்றது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150ஐத் தாண்டினால் சரிவிலுள்ள வீட்டைவிட்டு வெளியேறல் வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுள்ள அளவுகள் இவை. மாணாக்கர் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீராகும். லயமொன்றின் கூரை 120 சதுர மீற்றர் எனின், 150 மில்லிமீற்றர் மழையில் அக்கூரைமேல் மட்டும் விழுவது 18,000 லீற்றர். அதற்கு மேலேயுள்ள மலை முழுவதும் எவ்வளவு நீரை உறிஞ்சியிருக்கும்!

போத்தல் மழைமானி அதிகாரிகளின் அறிவித்தலுக்கு ஈடாகாது என்பது உண்மையே. சரிவில் வெடிப்புக் கண்டாலும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலும், மரங்கள் சாய்ந்தாலும் எந்த எண்ணுக்கும் காத்திராமல் வெளியேற வேண்டும். ஆயினும் இரவு முழுதும் மழை கொட்டி, தொலைபேசியும் செயலிழந்த வேளையில், “அம்மா, நூறு தாண்டிவிட்டது, எழுந்திருங்கள்” என்று கூறத்தக்க ஒரு பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருத்தல் எத்துணைப் பெரிய பாதுகாப்பு! அப்பிள்ளையை உண்டாக்குவது வகுப்பறைதான்.

ஆசிரியர்கள் மாதமொரு பாடத்தையேனும் எடுத்துத் தமிழாக்குவார்களாக. பெற்றோர் தம் பிள்ளை போத்தலுடன் மழையில் நிற்பதைக் கண்டு கடியாதிருப்பார்களாக. நகரத்து மாணவர்கள் தாம் கற்றதை மலைக்கு அனுப்புவார்களாக. முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிடி உப்பு ஏறி வந்த இம்மலைக்கு, கடலைப் பற்றிய அறிவு ஏறி வரத்தானா வழியில்லை? உண்டென்றே நாம் நம்புகின்றோம்.