உமிச் சாம்பலுக்கு விலை உண்டா?

நம் செங்கம் வட்டாரத்து அரிசி ஆலைகளின் பின்புறம் சேரும் உமிச் சாம்பலை நாம் தொல்லையாகவே எண்ணி வந்திருக்கிறோம். காற்றடித்தால் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். அதையே சிமெண்டில் சேர்க்கலாம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சிமெண்டு விற்கும் உறுப்பினர்களும் ஆலை வைத்திருக்கும் உறுப்பினர்களும் விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

பேச்சு பொய்யல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த பேராசிரியர் பி.கே. மேத்தா 1970களிலேயே இதை ஆராய்ந்து காட்டினார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456, தனது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், உரிய ஒப்புதலுடன் உமிச் சாம்பலைச் சேர்க்க இடம் தந்தது.

கணக்கு இதுதான். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 20 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் சிலிக்கா. சிமெண்டில் தண்ணீர் பட்டதும் சுண்ணாம்புச் சத்து வெளிப்படுகிறது. நைசாக அரைத்த சிலிக்கா அதனுடன் சேர்ந்து இறுகி, நீர்க்கசிவையும் குறைக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து வரும் பி.பி.சி. மூட்டையிலும் இதே வேலைதான் நடக்கிறது. நம் பக்கத்துக் கடலைத் தோலுக்கு இந்த யோகம் இல்லை. எரித்தால் மிஞ்சும் சாம்பலே சொற்பம்.

ஆனால் எரிக்கும் சூட்டில்தான் எல்லாம் இருக்கிறது. சுமார் 700 டிகிரிக்குள் அடக்கி எரித்தால் சிலிக்கா உயிருடன் இருக்கும். அதற்கு வெகுவாக மேலே போனால் மணல் போலக் கெட்டியாகி, சுண்ணாம்புடன் சேராது. சரியாக எரியாவிட்டால் கரி தங்கிவிடும். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை நாம். அந்தக் கறுப்பு நமக்குப் புதிதல்ல. கான்கிரீட்டிலோ கரி கூடுதல் தண்ணீரைக் குடித்து வலுவைக் குறைக்கும். புழுங்கல் ஆலைக் கொதிகலனில் ஆவிக்காகத்தான் எரிக்கிறார்கள், சாம்பலுக்காக அல்ல. ஆகவே குவியலுக்குக் குவியல் தரம் மாறும்.

இன்னொன்று, சாம்பல் எடை குறைவு, இடம் அதிகம். லாரி நிறைந்தாலும் எடைமேடையில் கனம் காட்டாது. வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

கடையிலேயே மூட்டையைப் பிரித்துச் சாம்பல் கலந்து விற்பது சுத்தக் கலப்படம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆலை உறுப்பினர்கள் சாம்பலுக்கு விலை பேசும் முன், மாதிரியைப் பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்து, கரி எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குவியலுக்கு அல்ல, மாதம் ஒருமுறையாவது.