கிராம சபையும் தீர்மானப் புத்தகமும்

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இருவகைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன; இரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்திலிருந்தே மக்களின் உரிமை இழப்பு பெரும்பாலும் தொடங்குகிறது. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடி முடிவெடுப்பது ஊராட்சி மன்றக் கூட்டம். அதில் பொதுமக்களுக்கு வாக்கு கிடையாது. கிராம சபையோ, அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆம் கூறு வரையறுப்பதுபோல, ஊராட்சிக்குரிய வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட அவையாகும். எனவே அங்கு எவரும் பார்வையாளர் அல்லர், மனு கொடுக்க வந்தவரும் அல்லர். 18 வயது நிறைந்து பட்டியலில் சேர்ந்துவிட்ட ஒரு மாணவிக்கும் ஊராட்சித் தலைவருக்கும் அந்த அவையில் உள்ள உறுப்பினர் தகுதி ஒன்றே.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு இடமளித்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், தன் 3-ஆம் பிரிவில் அதற்கு உருவம் தந்தது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை ஆகியவை அந்த அவையின் முன் வைக்கப்பட வேண்டும். தலைவர் சபையைக் கூட்டத் தவறினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அதைக் கூட்டலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் நடந்துவந்த கூட்டங்களுடன், 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டன. கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையை அரசாணைகள் குறைவெண் வரம்பு என்கின்றன. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு அது 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்த எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. வருகைக்கு அடையாளமாகப் பெறப்படும் கையொப்பம், தீர்மானத்திற்கான ஒப்புதலாகவும் பின்னர் காட்டப்படலாம். பக்கங்கள் வெறுமையாக இருக்கையில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, வாசகத்தைப் பின்னால் எழுதிச் சேர்க்கும் பழக்கம் இருக்குமிடத்தில், ஒலிபெருக்கியில் எவ்வளவு ஆவேசமாகப் பேசியவரும் ஏட்டில் ஆமோதித்தவராகவே நிற்பார். அரசு அலுவலகமோ நீதிமன்றமோ பின்னாளில் தேடப்போவது தீர்மானப் புத்தகத்தைத்தான். அதில் ஏறாத எதிர்ப்பு, சட்டத்தின் கண்ணில் எழுப்பப்படாத எதிர்ப்பாகவே போகக்கூடும். ஆகவே, கோரிக்கையைக் கூட்டத்திற்கு முன்பே எழுத்தில் கொடுத்துக் கூட்டப்பொருளில் சேர்க்கக் கேட்பதும், தீர்மான வாசகத்தை எல்லாரும் கேட்கப் படிக்கச் செய்வதும், உடன்பாடில்லாத தீர்மானத்திற்கு எதிரான கருத்தையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்வதும், எழுதி முடித்த பக்கத்தின் கீழ் மட்டுமே கையொப்பமிடுவதும் மேடைப்பேச்சைவிடப் பயன் தருபவை. கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்வது எளிய காப்பு. கூட்டத்தைக் கண்காணிக்க அனுப்பப்படும் அரசு அலுவலர் பற்றாளர் எனப்படுவார். அவர் முன்னிலையில் இவற்றைக் கேட்பதே பொருத்தம்.

தீர்மானத்தின் வலிமையை மிகையாக மதிப்பிடுவதும் தவறே. பழங்குடியினர் மிகுந்த ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில், நிலம் கையகப்படுத்துவது போன்றவற்றில் கிராம சபைக்குச் சிறப்பு அதிகாரங்கள் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி வட்டாரத்தில் ஏலம் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து 2024-இல் கிராம சபைகள் தீர்மானங்கள் நிறைவேற்றின. மக்கள் போராட்டமும் அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானமும் அவற்றோடு சேர்ந்த பிறகே, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்திற்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றியும், அத்திட்டம் 2025-இல் கொள்கை அளவிலான ஒப்புதலைப் பெற்றது. தீர்மானம் தடையுத்தரவு ஆகாது. ஆனால் அழிக்க முடியாத சான்று.

கேள்வி கேட்பவருக்கு நேரும் ஆபத்து கற்பனையன்று. 2023 அக்டோபர் 2 அன்று விருதுநகர் மாவட்டக் கிராம சபை ஒன்றில், கேள்வி எழுப்பிய விவசாயியை ஊராட்சிச் செயலர் காலால் உதைத்த காட்சி பரவி, அந்தச் செயலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். காணொளி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பட்டியல் இனத்தைச் சேர்ந்த தலைவரையோ உறுப்பினரையோ கடமையாற்றவிடாமல் மிரட்டுவது, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். கூட்டம் கோயில் வளாகம் போன்ற சமயச் சார்புள்ள இடங்களில் நடத்தப்படக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்தப்பட வேண்டும் என்னும் அரசின் அறிவுறுத்தல்கள், ஊருக்குள் ஒரு தெருவைத் தாண்டத் தயங்குவோரும் வந்து அமர்வதற்கு வழிசெய்பவை. மறுபுறம், ஆதாரமின்றித் தனிமனிதர்மீது குற்றம் சாட்டினால் அவதூறு வழக்கு வரலாம் என்பதால், தொகை, பணியின் பெயர், நாள் ஆகியவற்றோடு பேசுவதே பாதுகாப்பு.

கூட்டம் முறையாக நடக்காதபோது, அன்றே வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்துமூலம் புகார் அளித்து ஒப்புகை பெறுவது முதற்படி. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் மனு அளிப்பதும், 1100 என்ற எண்ணில் முதலமைச்சரின் உதவி மையத்தை அழைப்பதும் அடுத்த வழிகள். இவை பலிக்காவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் கூறின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தலைவரே இல்லாத நிலையும் நேரலாம்: 27 மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லாமற் போவதில்லை, ஏனெனில் அதன் உறுப்பினர்கள் வாக்காளர்களே.

மேற்சொன்ன முறையீடுகள் அனைத்திற்கும் அடிப்படையாக வேண்டியது தீர்மானத்தின் நகல். அதைத் தர மறுத்தால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.