மல்லாட்டை 14, தர்பூசணி 76

கோடை தொடங்கிவிட்டால் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சாலையோரங்களில் தர்பூசணி குவிந்துவிடும். மல்லாட்டை என்னும் நிலக்கடலைக்கோ இந்த ஊரில் தனி வரலாறே உண்டு. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக விதைக்கப்பட்டது. உடல் எடையைக் குறைக்க நினைக்கும் விழுப்புரத்துக்காரர் ஒருவருக்குப் பாடம் எடுக்க இந்த இரண்டு விளைபொருளே போதும்.

'கிளைசெமிக் குறியீடு குறைந்த உணவாகச் சாப்பிடுங்கள், எடை தானாக இறங்கும்' என்ற யோசனை இப்போது எல்லோர் காதிலும் விழுகிறது. குறியீட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மல்லாட்டை 14. தர்பூசணி 76. 55 வரை என்றால் குறைவு, 70ஐத் தொட்டால் அதிகம் என்பது விதி. அப்படியானால் தர்பூசணியைத் தள்ளிவிட்டு, மல்லாட்டையை மடியில் கொட்டிக்கொண்டு உரித்துத் தின்றால் இளைத்துவிடலாமா? 100 கிராம் காய்ந்த மல்லாட்டைப் பருப்பில் சுமார் 567 கலோரி. அதே எடை தர்பூசணியில் வெறும் 30.

பட்டியல் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்கும் கேள்விதான் வேறு.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் இந்தக் குறியீட்டை வெளியிட்டார்கள். முதல் பட்டியலில் 62 உணவுகள். நோக்கம் எடைக் குறைப்பு அல்ல. சர்க்கரை நோயாளிக்கு எந்த மாவுச்சத்து ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரையை ஏற்றும் என்று அறிவது. அளக்கும் முறை எளிது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த பத்துப் பேருக்கு, செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் வருமளவு ஒரு உணவைக் கொடுப்பார்கள். சாப்பிடும் முன்பும், பிறகு 15, 30, 45, 60, 90, 120ஆவது நிமிடங்களிலும் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை ஏறி இறங்கும் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கிட்டு, வேறொரு நாள் அதே ஆட்கள் 50 கிராம் குளுக்கோஸ் குடித்தபோது வந்த பரப்போடு ஒப்பிட்டால் சதவீதம் கிடைத்துவிடும். குளுக்கோஸ் 100.

சிக்கல் அந்த 50 கிராமில் இருக்கிறது. தர்பூசணியிலிருந்து அதைப் பெற ஒருவர் 700 கிராம் சதையைத் தின்ன வேண்டும். மல்லாட்டையிலோ நார்ச்சத்தைக் கழித்தால் 100 கிராமுக்கு 8 கிராம்கூடத் தேறாது; 50 கிராமுக்கு அரைக் கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். (இப்படிப்பட்ட உணவுகளுக்கு 25 கிராம் அளவில் சோதிக்கவும் விதி இடம் தருகிறது.) எடைக்கு எடை பார்த்தால் இரண்டிலும் மாவுச்சத்து கிட்டத்தட்ட ஒரே அளவுதான் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். தர்பூசணியின் மீதி தண்ணீர். மல்லாட்டையின் மீதியில் பாதிக்குப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். விழுப்புரம் சந்திப்புக்கு ரயில் எவ்வளவு வேகமாக வந்தது என்பதும், அதிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது என்பதும் வேறு வேறு கேள்விகள் அல்லவா? குறியீடு வேகத்தை மட்டும் சொல்கிறது.

மூட்டையையும் எண்ண, 1997இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 'கிளைசெமிக் சுமை' என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். தட்டில் இருக்கும் மாவுச்சத்தைக் குறியீட்டால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 10க்குள் இருந்தால் குறைவு, 20ஐத் தொட்டால் அதிகம். 300 கிராம் தர்பூசணி 16 வரும். ஒரு கை மல்லாட்டை 1கூட வராது. இப்போது சோற்றுக்கு வருவோம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2012இல் வெளியிட்ட அளவீட்டில் பொன்னி அரிசி 70, சோனா மசூரி 72, சூர்த்தி கோலம் 77. பொன்னிச் சோறு 300 கிராம் போட்டுக்கொண்டால் சுமை 60ஐ நெருங்குகிறது. நம் ஊர்ச் சாப்பாட்டில் சோறு ஒருமுறை வந்து போவதில்லை. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2025இல் சொன்னதும் இதைத்தான்: இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது.

அரிசி இவ்வளவு வேகமாகச் சர்க்கரையாவது ஏன்? உமிக்கு அடியில் உள்ள தவிட்டுத் தோல் ஒரு வேலி. அதைத் தீட்டி எடுத்ததும் தண்ணீரும் சூடும் தடையின்றி உள்ளே புகுகின்றன. மாவுமணிகள் ஊதி வெடித்து, செரிமான நொதிக்கு வழிவிடுகின்றன. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு புழுங்கலரிசியைத் தீட்டாமல் சோதித்தபோது குறியீடு 58ஐ ஒட்டி வந்தது, 2.3 சதவீதம் தீட்டியதுமே 73. 'கொஞ்சமாகத் தீட்டியது' என்று விற்கும் அரிசிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சோறு பற்றியும் கேட்பீர்கள். வெந்த மாவு ஆறும்போது அதன் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாவாகிறது என்பது உண்மை. 2015இல் வந்த இந்தோனேசிய ஆய்வொன்றில், சுடுசோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த இந்த மாவு, அறை வெப்பத்தில் பத்து மணி நேரம் ஆறியதும் 1.30 ஆனது. இரண்டு மடங்கு என்றால் பெரிதாகத் தெரிகிறது. தட்டு முழுக்க எடுத்தாலும் கூடியது இரண்டு கிராம். பழைய சோற்றை அதன் ருசிக்காகவே சாப்பிடலாம், இளைப்பதற்காக வேண்டாம்.

சிறுதானியத்திலும் ஒரு பொறி உண்டு. 2021இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சிறுதானியங்களின் சராசரிக் குறியீடு 52.7 என்றது. ஆனால் முழுத் தானியம் வேறு, நைசாக அரைத்த மாவு வேறு. ஆடி மாதக் கூழில் கேழ்வரகு மாவோடு அரிசி நொய்யும் வேகிறது; அதைக் குறைந்த குறியீட்டுப் பானம் என்று சொம்பு சொம்பாகக் குடிப்பது சரியல்ல. தானியத்தை எவ்வளவு நைசாக்குகிறோம் என்பதற்கும் பசிக்கும் தொடர்பு உண்டு. பாஸ்டனில் டேவிட் லட்விக் என்ற ஆய்வாளர் 1999இல் பருமனான பன்னிரண்டு பையன்களுக்கு ஒருநாள் உடனடி ஓட்ஸும் வேறொரு நாள் நறுக்கிய முழு ஓட்ஸும் கொடுத்தார். ஒரே தானியம், ஒரே கலோரி. உடனடி ஓட்ஸ் தின்ற நாளில் அவர்கள் பிற்பகலில் 53 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். சின்ன ஆய்வுதான், என்றாலும் கம்பை மாவாக்காமல் குருணையாக உடைத்துச் சோறாக்குவதற்கு இது நல்ல காரணம்.

சரி, எடை உண்மையில் குறையுமா? 2007இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆறு சோதனைகளைத் தொகுத்து, குறைந்த குறியீட்டு உணவு உண்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் ஒரு கிலோ கூடுதலாக இளைத்தார்கள் என்றது. 2023இல் பெரிய சோதனைகளையும் சேர்த்து மறுபடி பார்த்தபோது அந்த ஒரு கிலோவும் கரைந்துபோனது; பெரிய வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் நடந்து 2010இல் வெளியான டயோஜினிஸ் சோதனைதான் சற்று நம்பிக்கை தருகிறது. ஏற்கெனவே இளைத்த 773 பேரை ஆறு மாதம் கவனித்ததில், புரதம் கூடிய, குறியீடு குறைந்த உணவு உண்டவர்களே இறங்கிய எடையை நன்றாகக் காத்துக்கொண்டார்கள். என் கணிப்பில், குறியீட்டின் இடம் இதுதான்: இளைக்க வைப்பது குறைவான கலோரி, குறியீடு அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ள உதவுகிறது.

மல்லாட்டையைக்கூட இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2002இல், வழக்கமான சாப்பாட்டோடு தினமும் 500 கலோரி அளவு மல்லாட்டையை எட்டு வாரம் தின்னக் கொடுத்தார்கள். கணக்குப்படி 3.6 கிலோ ஏறியிருக்க வேண்டும். ஏறியது 1 கிலோ. வயிறு நிறைந்ததால் அவர்கள் மற்றதைக் குறைத்துக்கொண்டார்கள். மென்றும் அரைபடாத பருப்பின் எண்ணெயில் கொஞ்சம் செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. ஆகவே பஜ்ஜிக்குப் பதிலாகத் தோலோடு அவித்த மல்லாட்டை ஒரு கை என்றால் லாபம். பஜ்ஜியோடு சேர்த்து என்றால் அந்த ஒரு கிலோ உங்களுக்கும் வரும்.

மதியச் சாப்பாட்டில் செய்யக்கூடியது எளிது. சோற்றை முதலில் பாதியாக்குங்கள். கீரைக் கூட்டு, அவரைப் பொரியல், காராமணிச் சுண்டல், முட்டை, மரக்காணம் பக்கத்து மீன் எதுவானாலும் அந்தப் பாதி இடத்தில் வரட்டும், சோற்றுக்கு முன்பே வயிற்றுக்குள் போகட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மட்டும் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய அளவு மருந்தும் புதிய அளவு சோறும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.