இரண்டு நிமிடம் பொறுத்தால் என்ன?

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபது வயதில் கல்யாணமாகி வந்தவள் நான். கட்டுரை எழுதியெல்லாம் பழக்கமில்லை. ஆனால், சமீபத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை நம் சகோதரிகளிடம் சொன்னால்தான் என் மனசு ஆறும் போலிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2017 வாக்கில், சொந்த ஊரில் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஸ்டாப்பில் ஓர் அம்மா, நடக்க முடியாத தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பெண்ணுக்குப் பதினைந்து வயசிருக்கும். மூன்று படி ஏறுவதற்குள் அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு யாரோ சக்கர நாற்காலியை மடித்து உள்ளே தள்ளினார்கள். பஸ் கிளம்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிட்டது. "இவங்கல்லாம் ஒரு ஆட்டோ பிடிச்சு வரக்கூடாதா? எல்லாரையும் லேட் பண்றாங்க" என்று பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் முணுமுணுத்தேன். அந்தம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

2021-ல் எலக்ட்ரீஷியனான என் கணவர், ஒரு கட்டடத்தில் வேலை செய்யும்போது ஏணி சறுக்கிக் கீழே விழுந்தார். முதுகுத் தண்டில் அடி. உயிர் பிழைத்ததே ஆண்டவன் புண்ணியம். ஆனால், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. வைத்தியத்துக்காகச் சென்னைக்கு வந்து, ஒரு தரைத்தள போர்ஷனில் குடியேறினோம். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். ஆட்டோவுக்குப் போக இருநூற்றைம்பது, வர இருநூற்றைம்பது. மாசம் நாலாயிரம் ரூபாய்! நான் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பதில் பாதி ஆட்டோவுக்கே போனது. வாரம் இரண்டு என்பது ஒன்றாகி, பிறகு மாசம் ஒன்றானது. கால் மூட்டுகள் இறுகிப் போயின. படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது. அந்தப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தம்மாவின் பார்வைதான் ஞாபகம் வரும்.

"பஸ்ஸில் கூட்டிப் போகலாமே" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாதாரண பஸ்ஸின் தரை, ரோட்டிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரம். அதாவது, ஏறக்குறைய மூன்று அடி. நாமே புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, மறு கையால் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறோம். எழுபது கிலோ ஆம்பளையை நான் எப்படித் தூக்குவேன்?

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், "அம்மா, புதுசா ஒரு பஸ் பார்த்தேன். படியே இல்ல. அப்பா அப்படியே போகலாம்மா" என்றாள். சென்னையில் 2024 ஆகஸ்ட் மாதம் முதல் இந்தத் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. 2025 ஜூனில் 120 மின்சாரப் பேருந்துகளும் வந்தன. தரை 400 மில்லிமீட்டர் உயரம்தான். சுமார் ஒன்றேகால் அடி. ஸ்டாப்பில் நின்றதும் புஸ்ஸென்ற சத்தத்தோடு, நடைமேடைப் பக்கம் யானை மண்டி போடுவதுபோல் இன்னும் கொஞ்சம் தாழும். நடுக் கதவில் ஒரு மடக்குப் பலகை இருக்கிறது. அதைப் பிரித்துப் போட்டால் நாற்காலியை உருட்டி ஏற்றலாம். உள்ளே நாற்காலியை நிறுத்த இடமும், கட்டிக்கொள்ள பெல்ட்டும் உண்டு.

இவர் லேசில் சம்மதிக்கவில்லை. "ஊரே வேடிக்கை பார்க்கும். நான் வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள்தான் அழுது சம்மதிக்க வைத்தாள்.

அன்று ஸ்டாப்பில் நடைமேடையை ஒட்டி வரிசையாக பைக்குகள். ஓர் இளநீர் வண்டி வேறு! பஸ் நடுரோட்டில்தான் நிற்க முடிந்தது. கண்டக்டர் தம்பி இறங்கி வந்து பலகையைப் போட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் பலகை நடைமேடை மேல் விழுந்தால் லேசான சரிவு. ரோட்டில் விழுந்தால் செங்குத்து. பாதி தூரம் தள்ளினேன், நாற்காலி பின்னால் சரிந்தது. "வேணாம், வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் இவர். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

நல்லவேளையாக, ஸ்டாப்பில் நின்ற மூன்று பையன்கள் யாரும் சொல்லாமலே பைக்குகளைத் தூக்கி நகர்த்தினார்கள். இளநீர்க்காரரும் வண்டியைத் தள்ளினார். டிரைவர் பஸ்ஸை நடைமேடையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்த முறை ஒரே தள்ளில் நாற்காலி உள்ளே போய்விட்டது!

அப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல். "ஆபீசுக்கு நேரமாகுது. இவங்கல்லாம் ஆட்டோல போகக்கூடாதா?" மடியில் டிபன் பையோடு, என் வயசுப் பெண்தான். எனக்குக் கோபமே வரவில்லை. "ரெண்டு நிமிஷம்தாம்மா, கோச்சுக்காதீங்க. ஆட்டோவுக்குக் குடுத்து மாளல" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் இறங்கும்போது, "மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தப் பெரிய மனசு அன்று எனக்கு இல்லையே!

டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர், "எங்கேண்ணே?" என்று இவரிடமே கேட்டார். ஆஸ்பத்திரியிலும் கடையிலும், "இவருக்கு என்ன வேணும்?" என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து, "ரெண்டு டிக்கெட்" என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு என் கணவர் எனக்கு டிக்கெட் எடுத்தார். அந்தச் சீட்டை இன்னும் என் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் யாரோ போடும் பிச்சை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பஸ் நிறுத்தங்களும் வாகனங்களும் இவர்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சென்னைக்கு இந்த பஸ்கள் வருவதற்கு முன், மாற்றுத்திறனாளிகளுக்காக உயர்நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்வர் நகரில் 1978 ஜூலையில், 19 மாற்றுத்திறனாளிகள் பஸ்களை மறித்து, ராத்திரி முழுக்க நடுரோட்டிலேயே கிடந்து போராடினார்களாம். மகள் படித்துக் காட்டினாள். எந்த ஊரிலும் இது சும்மா கிடைத்துவிடவில்லை.

இன்னும் எல்லாத் தடத்திலும் இந்த பஸ் இல்லை. அன்று திரும்பி வர முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஆனாலும் இப்போது வாரம் ஒருமுறை தவறாமல் போகிறோம். முதுகுப் புண் ஆறி வருகிறது. தெரிந்தவர் கடையில் மிக்ஸி, பேன் ரிப்பேர் செய்யப் போகலாமா என்று இவரே கேட்க ஆரம்பித்திருக்கிறார்.

சகோதரிகளே, பஸ் வாங்குவது அரசாங்கத்தின் வேலை. நம்மாலும் சில காரியங்கள் முடியும். பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று வீட்டு ஆண்களிடமும் பிள்ளைகளிடமும் கண்டித்துச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கான இடத்தில் கட்டைப்பையை வைக்காதீர்கள். உதவி செய்ய நினைத்தால், நாற்காலியைத் தொடும் முன், "பிடிக்கட்டுமா?" என்று அதில் இருப்பவரிடம் கேளுங்கள். படியில்லாத பஸ் நமக்கும்தான் வசதி. கர்ப்பிணிப் பெண்ணுக்கும் மூட்டுவலி மாமியாருக்கும் அதே கதவுதானே!

பஸ் கிளம்ப இரண்டு நிமிடம் தாமதமானால், தயவுசெய்து முணுமுணுக்காதீர்கள். அந்தப் பெண்ணையும் அம்மாவையும் இனி நான் எங்கே தேடிப் போய் மன்னிப்புக் கேட்பேன்? ஒருவேளை அவர்கள் இதைப் படித்தால், என்னை மன்னிக்க வேண்டும்.

– ஒரு வாசகி, சென்னை.